கண்ணை உறுத்தாத வெளிச்சம்: பால் கண்ணாடி விளக்கைத் தேர்ந்தெடுத்து மாட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1960-ல் எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஆர்னே யாக்கோப்சன் கட்டடத்தோடு நிற்கவில்லை. உட்காரும் நாற்காலி, கதவின் கைப்பிடி, சாப்பாட்டு மேசைக் கரண்டி என்று கையில் படுவதையெல்லாம் அவரே வடிவமைத்தார். முட்டை நாற்காலி, அன்ன நாற்காலி என்று உலகம் அறிந்தவை இந்த ஹோட்டலுக்காகப் பிறந்தவைதான். அதே வேலையில் 1959-ல் வந்தது ஏஜே எக்லிப்டா என்ற விளக்கு. உப்பிய வட்ட வடிவில் ஒரு வெள்ளைக் கண்ணாடி, பின்னால் ஒரு தட்டு. அவ்வளவுதான். சுவரிலும் மாட்டலாம், கூரையிலும் மாட்டலாம். லூயிஸ் பௌல்சன் நிறுவனம் அதை இன்றைக்கும் தயாரிக்கிறது. விட்டம் 22, 35, 45 செ.மீ. என மூன்று அளவுகள்.

இந்த விளக்கை எரியாதபோது பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. எரியும்போது அதன் முகம் முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறது. உள்ளே பல்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. விளிம்பு வழியே கசியும் ஒளி பின்னாலுள்ள சுவரில் மெல்லிய வளையமாக விழுகிறது. கிரகணத்தை நினைவூட்டும் பெயர் அதற்குப் பொருத்தமானதுதான்.

எல்லோரும் எக்லிப்டாவையே வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை, அதன் விலை அதிகம். ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நல்ல பால் கண்ணாடி விளக்குகள் பல விலைகளில் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் ஒன்றை மனதில் வையுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்குவது பாதி விளக்குதான். மீதிப் பாதி உங்கள் சுவர். ஒளி போய் விழும் இடத்தைக் கவனிக்காமல் விளக்கை மட்டும் தேடித் தேடி வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் விளக்கில் நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் இந்த வழிகாட்டியில் மாட்டும் வேலைக்கு முன்னால் செய்யவேண்டியவைதான் அதிகம்.

பல்பை ஏன் மறைக்க வேண்டும்?

மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை நேராகப் பார்க்கலாம், கண் கூசாது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டங்ஸ்டன் இழை பல்பு வந்தபோது நிலைமை மாறியது. சின்ன இழையில் அத்தனை பிரகாசம். வெளிச்சம் கூடியது, கூடவே கண் கூச்சமும் வந்தது. டென்மார்க்கின் பௌல் ஹென்னிங்சன் 1920-களில் தன் வேலையையே இந்தச் சிக்கலைச் சுற்றி அமைத்துக்கொண்டார். மூன்று அடுக்கு மூடிகளை வைத்து, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாமல் செய்தார். ஜெர்மனியில் பவுஹவுஸ் பள்ளியின் உலோகப் பட்டறை வேறு வழியில் போனது. மரியான் பிராண்ட் போன்றவர்கள் பால் கண்ணாடி உருண்டையை எடுத்துக்கொண்டார்கள். 1926-ல் டெஸ்ஸாவில் எழுந்த பள்ளிக் கட்டடத்துக்கு அந்தப் பட்டறைதான் விளக்குகள் செய்து கொடுத்தது. அலங்காரம் எதுவும் கிடையாது. உருண்டை, உலோகப் பிடி, வெளிச்சம்.

இன்றைய எல்இடி பல்புக்கும் அதே பிரச்சினை இருக்கிறது, இன்னும் கூடுதலாகவே. உள்ளேயிருக்கும் சில்லு ஒவ்வொன்றும் ஊசிமுனை போல் குத்தும். ஆகவே நூறு வருஷத்துக்கு முந்தைய தீர்வு இன்றும் பழசாகவில்லை.

முதலில் கண்ணாடியைச் சோதியுங்கள்

பால் கண்ணாடி வெள்ளையாக இருப்பது சாயத்தால் அல்ல. கண்ணாடிக் குழம்பில் ஃப்ளூரைடு போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். குழம்பு ஆறும்போது உள்ளே மிக நுண்ணிய துகள்கள் உருவாகி, வரும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. பால் வெள்ளையாகத் தெரிவதும் இப்படித்தான்; அங்கே சிதறடிப்பவை கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும்.

நல்ல விளக்குகளில் கண்ணாடி மூன்று அடுக்காக இருக்கும். நடுவில் மெல்லிய வெள்ளை அடுக்கு, அதன் இரு பக்கமும் தெளிந்த கண்ணாடி. கடையில் விளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லி, கண்ணாடியின் விளிம்பைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். மூன்று அடுக்கு என்றால் விளிம்பின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, அதன் இருபுறமும் தண்ணீர் போலத் தெளிவான பட்டை தெரியும். முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தால் ஒற்றை அடுக்கு, அதுவும் மோசமில்லை. விளிம்பு தெளிவாக இருந்து உள்பக்கம் மட்டும் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது பெயின்ட் அடித்தது. நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினாலே தெரிந்துவிடும். அந்தப் பூச்சு பல்பின் சூட்டில் நாளடைவில் பழுத்து உரியும். அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது டார்ச் சோதனை. போனின் டார்ச்சைப் போட்டு, கண்ணாடியின் உள்பக்கத்தை ஒட்டி வையுங்கள். வெளியே ஒரு பளீர்ப் புள்ளி தெரியும். டார்ச்சை மெல்லப் பின்னால் இழுங்கள். இரண்டு அங்குலம் போவதற்குள் புள்ளி கரைந்து பெரிய வெளிச்சமாகப் பரவினால் நல்ல கண்ணாடி. நான்கு அங்குலம் இழுத்த பிறகும் புள்ளி அப்படியே தெரிந்தால், வீட்டில் மாட்டியதும் பல்பின் உருவம் வெளியே தெரியும்.

அக்ரிலிக் விளக்குகளைப் பற்றி இரண்டு வார்த்தை. உடையாது, இலேசானது, குழந்தைகள் பந்து விளையாடும் இடத்துக்கு ஏற்றது. ஆனால் மட்டமான பிளாஸ்டிக் சில வருஷங்களில் மஞ்சளாகிவிடும். தூசியையும் காந்தம் போல இழுக்கும். நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணாடிதான்.

மேல்பரப்பில் இரண்டு வகை உண்டு. பளபளப்பானதில் எதிரிலுள்ள ஜன்னலும் மின்விசிறியும் பிரதிபலிக்கும். அமிலத்தால் மங்கலாக்கிய பரப்பில் பிரதிபலிப்பு இருக்காது, முட்டை ஓடு போல அமைதியாக இருக்கும். என் தேர்வு இரண்டாவதுதான். என்ன, விரல் ரேகை அதில் சட்டென்று பதியும். மாட்டும்போது துணியால் பிடிக்க வேண்டும்.

சுவரைப் பாருங்கள்

என் வீட்டுக் கூடத்தில் முதல் சுவர் விளக்கை மாட்டிய அன்று மாலை ஆசையோடு சுவிட்சைப் போட்டேன். சுவரில் விழுந்த ஒளி வளையம் முக்கால் வட்டம் அழகாக இருந்தது. இடது பக்கம் மட்டும் ஓரிடத்தில் பளிச்சென்று ஒளி பீறிட்டது. அங்கிருந்து ஒரு முழ நீளத்துக்குச் சுவரில் அலை அலையாக நிழல்கள் தெரிந்தன. எட்டு வருஷமாகச் சமமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த சுவர் அது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பூச்சு ஓரிடத்தில் புடைத்திருந்தது. விளக்கின் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. மறு வாரத்துக்குள் அந்தச் சந்து வழியாக ஒரு பல்லிக்குஞ்சு உள்ளே குடியேறிவிட்டது.

காரணம் எளிது. எதிரிலிருந்து வரும் ஒளியில் சுவரின் மேடுபள்ளம் தெரியாது. சுவரை ஒட்டி, உரசிக்கொண்டு போகும் ஒளியில் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் நிழல் விழும். சாயங்கால வெயிலில் மண் தரையின் ஒவ்வொரு கல்லும் எடுப்பாகத் தெரிவது போலத்தான். பின்சுவரில் ஒளி விழும் விளக்கு எதுவானாலும் இந்த வேலையைச் செய்யும்.

அதனால் துளை போடும் முன் ஒரு சோதனை. இரவில் அறை விளக்கை அணையுங்கள். மாட்டப்போகும் இடத்தில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து, நான்கு பக்கமும் திருப்புங்கள். எங்கே பட்டி அலைகிறது, எங்கே பழைய ஆணித் துளை அடைத்த வடு இருக்கிறது என்று எல்லாம் வெளிவரும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் பட்டி பார்த்து, 180-ம் நம்பர் எமரி தாளால் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து விடுங்கள். விளக்கின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு வட்டத்துக்குச் செய்தால் போதும். முழுச் சுவரையும் தொட வேண்டியதில்லை.

நிறமும் முக்கியம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். கரு நீலம், கரும் பச்சை போன்றவை பத்தில் ஒரு பங்கு தந்தாலே அதிகம். அந்த மாதிரிச் சுவரில் இந்த விளக்கு அழகான வெள்ளைப் பொட்டாக நிற்கும், அறைக்கு வெளிச்சம் கொடுக்காது. பெயின்ட் மேட் வகையாக இருக்கட்டும். பளபளப்பான எனாமல் சுவரில் விளக்கின் பிம்பம் கோடாக வழிந்து தெரியும்.

எங்கே மாட்டுவது

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது மின்விசிறிதான். அறையின் நடுப்புள்ளியை அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. கூரை விளக்கை அதன் பக்கத்தில் மாட்டினால், ஓடும் இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி விடும். எதிர்ச் சுவரிலும் கையிலுள்ள புத்தகத்திலும் நிழல் துடிக்கும். பத்து நிமிஷத்தில் தலை வலிக்க ஆரம்பிக்கும்.

பொதுவாக வீட்டு மின்விசிறியின் வீச்சு 1200 மி.மீ., அதாவது நடுவிலிருந்து இரண்டு அடி. இறக்கைகள் கூரையிலிருந்து ஏறக்குறைய ஒரு அடி கீழே சுற்றும். கூரையோடு ஒட்டிய விளக்கு இறக்கைகளுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து சாய்வாக வரும் ஒளி மின்விசிறியைக் கடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரே ஒரு கூரை விளக்கு என்றால் இதைத் தப்பிக்க முடியாது. இரண்டாக வாங்கி, மின்விசிறிக்கு இருபுறமும், நடுவிலிருந்து குறைந்தது நான்கு அடி தள்ளி மாட்டுங்கள். ஒன்றின் நிழலை மற்றது நிரப்பும், துடிப்பு வெகுவாகக் குறையும்.

சுவர் விளக்கு என்றால் இன்னும் நல்லது. ஏழு அடிக்குக் கீழே மாட்டிய விளக்கிலிருந்து மேலே போகும் ஒளியை மட்டும்தான் இறக்கைகள் வெட்டும். அந்த நிழல் கூரையில் விழும், படிக்கிற பக்கத்தில் விழாது. படுத்துக்கொண்டு கூரையையே பார்ப்பவருக்கு மட்டும் அது உறுத்தும். படுக்கையறையில் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உயரம் பற்றி நான் கடைப்பிடிப்பது இது. கூடத்தில் விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தே முக்கால் முதல் ஆறு அடி. நடையில் ஆறு அடிக்கு மேல். குறுகலான நடையில் தோளோ, தூக்கிப் போகும் நாற்காலியோ இடிக்கக்கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இரு பக்கமும் மாட்டுவதானால் முகத்தின் உயரத்தில், சுமார் ஐந்து அடியில், இரண்டு விளக்குகளுக்கும் நடுவே இரண்டரை முதல் மூன்று அடி. கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் நிழல் விழும். சவரம் செய்பவர்களுக்கு இது தெரியும். படுக்கைப் பக்கம் நான்கு அடி போதும்.

அட்டையை விளக்கின் அளவுக்கு வட்டமாக வெட்டி, டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைப்பது நல்ல பழக்கம். வீட்டிலுள்ளவர்கள் ஒவ்வொருவரும் கடந்து போகும்போது ஒன்று சொல்வார்கள். நான் ஆறு அடியில் ஒட்டியதைப் பார்த்து அம்மா, "பீரோ கதவைத் திறந்தா இடிக்குமேப்பா" என்றார். அளந்தால், இடிக்கத்தான் செய்தது.

அளவை எப்படி முடிவு செய்வது

பெரிய விளக்கு பார்க்க எடுப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அளவு கண்ணுக்கு இதம் தரும் விஷயம். ஒரே பல்பின் ஒளியைச் சிறிய முகத்தில் பரப்பினால் கண் கூசும். பெரிய முகத்தில் பரப்பினால் இதமாக இருக்கும். 22 செ.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 380 சதுர செ.மீ. 35 செ.மீ. என்றால் 960. 45 என்றால் 1,590. அதாவது ஒரே பல்பை மாட்டினால் 35 செ.மீ. விளக்கின் முகம் சிறியதைவிட இரண்டரை மடங்கு மென்மையாக இருக்கும், 45 செ.மீ. விளக்கு நான்கு மடங்குக்கும் மேல்.

எனவே நடை, படிக்கட்டு, குளியலறைக் கண்ணாடிப் பக்கம் போன்ற இடங்களுக்குக் குறைந்த ஒளி போதும், 22 சரி. கூடத்தின் சுவருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரைக்கும் 35. பெரிய கூடம், உயரமான கூரை என்றால் மட்டும் 45. சின்ன விளக்கில் பெரிய பல்பைப் போட்டுச் சமாளிக்க நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

எத்தனை லூமன், என்ன பல்பு

வாட் கணக்கை மறந்துவிடுங்கள், லூமன் பாருங்கள். வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம், லூமன் என்பது அது தரும் ஒளி. பழைய 60 வாட் குண்டு பல்பு 800 லூமன் அளவுக்கு ஒளி தந்தது. இன்று 9 வாட் எல்இடி அதைத் தருகிறது. 40 வாட்டுக்கு ஈடு 450 லூமன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை சுமார் 11 சதுர மீட்டர். பேசிக்கொண்டிருக்க, டிவி பார்க்க, நடமாட 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமன், போதும். 11-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,650 லூமன். ஆனால் கண்ணாடி கொஞ்சம் விழுங்கும், சுவரும் திரையும் கொஞ்சம் விழுங்கும். பாதி போய்விடும் என்று வைத்துக்கொண்டால் பல்புகளின் மொத்தக் கணக்கு 3,300 லூமன். கூரையில் 900 லூமன் வீதம் இரண்டு, சுவரில் 700 வீதம் இரண்டு என்றால் 3,200, கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும். ஒரே விளக்கில் 3,300 லூமனைத் திணித்தால் அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும். படிப்பதற்கும் காய் நறுக்குவதற்கும் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஒளி தேவை. அதற்குத் தனி விளக்கு வையுங்கள். இந்த விளக்கிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நிறம்: 2,700 முதல் 3,000 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை. 6,500 கெல்வின் வெள்ளை நம் ஊரில் பழகிப்போயிருக்கிறது, பிரகாசமாகத் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் பால் கண்ணாடி வழியாக வரும்போது அது நீலம் பாய்ந்து, முகங்கள் வெளிறிப்போகும். ஒரு பல்பை மட்டும் 3,000-க்கு மாற்றி ஒரு வாரம் இருந்து பாருங்கள். வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணைத் தேடுங்கள். பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதன் அளவு அது. 90-க்கு மேல் இருந்தால் நல்லது; தக்காளி தக்காளியாகத் தெரியும்.

பல்பின் வடிவத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண எல்இடி பல்பின் கீழ்ப்பாதி பிளாஸ்டிக் உடம்பு. ஒளி முன்பக்கம்தான் போகும். அதை இந்த விளக்கில் போட்டால் ஹோல்டர் இருக்கும் பக்கம் மங்கலாக, நிலாவின் தேய்ந்த பாகம் மாதிரி தெரியும். இழை வடிவ எல்இடி பல்பு, அதுவும் வெள்ளைக் கண்ணாடி போட்டது, கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் ஒளி விடும். முகம் சீராக ஒளிர வேண்டும் என்றால் அதுதான் வழி.

சூட்டையும் கவனியுங்கள். மூடிய கண்ணாடிக்குள் காற்றோட்டம் இல்லை. பல்பின் அடியில் உள்ள மின்னணுச் சுற்றில் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்து, பல்பு சீக்கிரம் செத்துப்போகும். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். 9 வாட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

ஹோல்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் வீட்டு பல்புகள் பெரும்பாலும் பி22, இரண்டு முள் வைத்துத் திருகுபவை. வெளிநாட்டு வடிவ விளக்குகளில் இ27 என்ற மரைத் திருகு இருக்கும். மாற்று அடாப்டர் போட்டால் பல்பு ஒரு அங்குலத்துக்கும் மேல் முன்னால் வந்து கண்ணாடியைத் தொடும். டார்ச் சோதனையில் பார்த்த பளீர்ப் புள்ளி திரும்ப வரும். அடாப்டர் வேண்டாம், இ27 பல்பே வாங்குங்கள்.

மாட்டும் வேலை

புதிய வயர் இழுப்பது, சுவரைக் கொத்தி பைப் புதைப்பது எலக்ட்ரீஷியன் வேலை. அவரிடம் விடுங்கள். ஏற்கெனவே லைட் பாயின்ட் இருந்து, அதில் விளக்கை மாற்றுவது மட்டும் என்றால், கவனமாக இருப்பவர் செய்யலாம். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்துவதில் நம் வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. மெயின் எம்சிபியை இறக்கியதும் வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது என்று நினைப்போம். இன்வெர்ட்டர் இருந்தால், அதே நொடியில் அது விழித்துக்கொண்டு லைட் பாயின்ட்டுகளுக்கு 230 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே எம்சிபியை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள், அதன் வெளிவரும் இணைப்பையும் துண்டியுங்கள். பிறகு லைட் பாயின்ட்டின் ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். டெஸ்டர் சரியாக எரிகிறதா என்று சோதிக்க மின்சாரம் உள்ள இடம் வேண்டும் என்பதால், அதை எம்சிபி இறக்கும் முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளில் சுவரில் மர ரவுண்ட் பிளாக் இருக்கும். அதன்மேலேயே விளக்கை மாட்டினால் தட்டு சுவரோடு உட்காராது, வளையம் கெடும். பிளாக்கைக் கழற்றி, துளையைச் சுவர் மட்டத்துக்குப் பட்டி பாருங்கள்.

விளக்கின் தட்டைச் சுவரில் வைத்து, மட்டம் பார்த்து, துளைகளைப் பென்சிலால் குறியுங்கள். சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே, லைட் பாயின்ட்டிலிருந்து நேர் கீழே துளைபோடாதீர்கள். பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். ஹாமர் டிரில்லில் 6 மி.மீ. பிட், ஒன்றரை அங்குல ஆழம். பிட்டில் அந்த ஆழத்தில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் அளவு தப்பாது. கூரையில் துளையிடும்போது பழைய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டுப் பிட்டில் கோத்துக்கொள்ளுங்கள். தூள் கண்ணில் விழாது. அப்படியும் கண்ணாடி அணிந்துதான் செய்ய வேண்டும். பிட் திடீரென்று உள்ளே போகாமல் கிறீச்சிட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் பட்டுவிட்டது. அழுத்தாதீர்கள். தட்டைக் கொஞ்சம் சுழற்றி வேறு இடத்தில் போடுங்கள்.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில், துளையில் சொருகி ஸ்க்ரூவைப் பிடிக்கும் சாதாரண ராவல் பிளக் நிற்காது. கண்ணாடி விளக்கைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள். ஒரு கிலோவைத் தாண்டினால் உள்ளேயிருக்கும் உலோகச் சட்டத்திலோ, மேலே கான்கிரீட்டிலோதான் பிடிமானம் கொடுக்க வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் கண்ணாடி அது.

ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சாதாரண ஸ்க்ரூ இரண்டு மழைக்காலத்தில் துருவேறி, வெள்ளைச் சுவரில் பழுப்புக் கண்ணீர் விடும்.

இணைப்பு: சுவரிலிருந்து வரும் வயர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; கையிருப்பில் இருந்த வயரை இழுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு, டெஸ்டர்தான் சாட்சி. இ27 ஹோல்டரில் பேஸ் வயர் நடுப் புள்ளிக்குப் போக வேண்டும், நியூட்ரல் மரைப் பகுதிக்கு. மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும். ஆனால் பல்பைத் திருகும்போது விரல் படக்கூடிய மரையில் மின்சாரம் இருக்கும். தட்டு உலோகம் என்றால் பச்சை வயரைக் கட்டாயம் இணையுங்கள். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி போட்ட விளக்குக்கு மட்டும் எர்த் தேவையில்லை. முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு கனெக்டர் பயன்படுத்துங்கள். சூட்டில் டேப் பசை உருகிக் கழன்றுவிடும்.

தட்டைச் சுவரோடு இறுக்கும் முன், சுற்றிலும் ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகிப் பாருங்கள். எங்கேயாவது உள்ளே போனால் அங்கே பட்டி கொடுக்க வேண்டும். ஈசல், பல்லி, கொசு எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். ஐப்பசி மழை விட்ட இரவு ஒன்றில் உள்ளே போன ஈசல்களை மறுநாள் ஒரு கைப்பிடி அள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கண்ணாடி. ஏணியில் ஒருவர், கீழே ஒருவர். துணியால் பிடித்து மேலே கொடுங்கள். கண்ணாடியைத் தட்டில் பொருத்தி மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் தடுத்து நிற்கும். அதற்குமேல் ஒரு நூல்கூடத் திருப்பாதீர்கள். ஸ்க்ரூவால் பிடிக்கும் வகை என்றால் மூன்று ஸ்க்ரூவையும் விரலால் சமமாக முடுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் கால் சுற்றுப் பின்னால் விடுங்கள். சூட்டில் கண்ணாடியும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரியும். இறுகப் பிடித்த கண்ணாடியில் ஒரு நாள் மயிர்க்கோடு போல விரிசல் ஓடும்.

இருட்டிய பிறகு

பகலில் போட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இருட்டியதும், அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். விளக்கின் முகத்தை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், உள்ளே பச்சையாக ஒரு வட்டம் மிதக்கிறதா? அப்படியென்றால் பல்பு பெரிது. 800-லிருந்து 450 லூமனுக்கு இறங்குங்கள்.

அணைத்த பிறகும் கண்ணாடிக்குள் மின்மினி போல் மங்கலாக எரிகிறதா? சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும் மின்சாரமாக இருக்கலாம். அது இல்லையென்றால் சுவிட்ச் பேஸை விட்டுவிட்டு நியூட்ரலைத் துண்டிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இது ஆபத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உடனே மாற்றுங்கள்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க ஆசைப்பட்டால், டிம் செய்யத்தக்க பல்பும் எல்இடிக்கான டிம்மரும் இரண்டும் வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரை இதற்குப் பயன்படுத்தினால் பல்பு படபடக்கும், ரீங்காரமிடும்.

பராமரிப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிக் கழுவுங்கள். அணைத்துக் குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கழற்ற வேண்டும்; சூடான கண்ணாடியில் ஈரம் பட்டால் தெறிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பழைய பருத்தி வேட்டித் துணி. ஸ்டீல் நார், சபீனா எதுவும் வேண்டாம். சிங்க்கின் அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். சோப்புக் கையிலிருந்து நழுவினாலும் பிழைக்கும். நிழலில் முழுக்கக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். கழற்றிய நேரத்திலேயே தட்டின் ஸ்க்ரூவை ஒருமுறை முடுக்கி, ஹோல்டரின் உள்ளே கருகல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கும் அன்றே கடையில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் மாடல் எண்ணை எழுதி, தட்டின் உள்பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து யாராவது ஏணியை இடித்துவிட்டால், ரசீதைத் தேட வேண்டியிருக்காது.